முதலில் நலம், பிறகு விலை

தான்சானியாவுக்குக் கிளம்பும் இந்தியர்கள் சிங்கத்தைப் பற்றி நிறையப் படித்துவிட்டுப் போகிறார்கள். மனிதர்களைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது.

தார் எஸ் சலாம் நகரின் கரியாக்கூ சந்தையில் தக்காளி என்ன விலை என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. கடைக்காரப் பெண்மணி நிமிர்ந்து பார்ப்பார். "ஹபாரி?" என்பார். 'என்ன சேதி?' என்று அர்த்தம். நல்ல சேதிதான் என்று நீங்கள் சொல்ல வேண்டும். பிறகு வீட்டுச் சேதி, வேலைச் சேதி என்று இன்னும் ஒன்றிரண்டு வரும். எல்லாவற்றுக்கும் "ன்ஸூரி" என்ற ஒரே பதில் போதும். அதற்கப்புறம்தான் தக்காளி. இந்தச் சடங்குக்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் அதைத் தாண்டிக் குதித்து நேராக விலைக்குப் போகிறவரை அந்த ஊரில் யாரும் மதிப்பதில்லை. தக்காளியும் மலிவாகக் கிடைக்காது.

சுற்றுலாக் கையேடுகள் தடுப்பூசி, கொசுவலை, காமிரா லென்ஸ் என்று பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அவை அவசியம்தான். ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும் இந்தியருக்கு இன்னொரு விஷயமும் உண்டு. ஐரோப்பியர் அங்கே புதிய ஆளாகப் போய் இறங்கலாம். நாம் அப்படி இறங்க முடியாது. நம்மை அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், தலைமுறை தலைமுறையாக.

முதலில் காகித வேலைகளை முடித்துவிடலாம். விசாவுக்கு வீட்டிலிருந்தபடியே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒரு முறை நுழையும் சாதாரண விசாவுக்குக் கட்டணம் 50 டாலர். ஸான்ஸிபார் தீவுகளுக்குப் போகிறவர்கள் 2024 அக்டோபரிலிருந்து அந்தத் தீவு அரசின் பயணக் காப்பீட்டையும் வாங்கியாக வேண்டும். 44 டாலர். இந்தியாவில் எடுத்த பாலிசி அதற்கு ஈடாகாது. மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்கு 10 நாட்களுக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். மலேரியா மாத்திரைக்கு டாக்டரைக் கேளுங்கள். டாலர் நோட்டுகள் புதியவையாக இருக்கட்டும். 2006க்கு முந்தைய நோட்டுகளைப் பெரும்பாலான இடங்களில் வாங்கமாட்டார்கள். 2025 மார்ச்சில் வந்த விதிப்படி, உள்நாட்டுக் கொடுக்கல் வாங்கல் ஷில்லிங்கில்தான். 2025 அக்டோபர் தேர்தலையொட்டி வன்முறை, ஊரடங்கு, இணைய முடக்கம் எல்லாம் நடந்தன. எனவே டிக்கெட் வாங்குமுன் நம் வெளியுறவுத் துறையின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வதும், அங்கே போய் அரசியல் பேசாமலிருப்பதும் உசிதம்.

பெட்டி கட்டும்போது கவனிக்க வேண்டியது பிளாஸ்டிக் பை. 2019 ஜூன் 1 முதல் தான்சானியாவில் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை. முறுக்கு, ஊறுகாய், செருப்பு, ஈரத் துண்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கடைப் பை போட்டுக் கட்டும் நம் வழக்கம் அங்கே செல்லாது. விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சோப்பு, ஷாம்பு வைக்கும் ஜிப் பைக்கு மட்டும் விலக்கு. நல்ல மஞ்சப்பைகள் நாலைந்து எடுத்துப் போனால் பிரச்சினையே இல்லை.

இனி மரியாதை. சுவாஹிலி மொழியில் வெளிநாட்டார் எல்லோருக்கும் தெரிந்த சொல் "ஜாம்போ". அது டூரிஸ்டுகளுக்காகவே வைத்திருக்கும் சொல். "ஹகுனா மட்டாட்டா"வும் அப்படித்தான். 1994இல் வந்த ஹாலிவுட் கார்ட்டூன் சிங்கத்தின் புண்ணியத்தில் உலகெங்கும் பரவிய அந்தத் தொடரைத் தான்சானியர்கள் தங்களுக்குள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. இளைஞர்கள் ஒருவரையொருவர் "மாம்போ" என்பார்கள், பதிலுக்கு "போவா" என்பார்கள். உங்கள் வயதொத்தவரிடம் நீங்களும் சொல்லலாம். பெரியவரிடம் சொன்னால் அதிகப்பிரசங்கித்தனம்.

பெரியவர்களுக்கென்று தனிச் சொல் இருக்கிறது: "ஷிகாமூ". 'உங்கள் காலைப் பிடிக்கிறேன்' என்பதன் சுருக்கம் அது என்கிறார்கள். வயதில் மூத்தவர் யாராக இருந்தாலும், அவர் ஓட்டல் வாசலில் நிற்கும் காவலாளியாகவோ தெரு பெருக்கும் அம்மாளாகவோ இருந்தாலும், இளையவர்தான் முதலில் ஷிகாமூ சொல்ல வேண்டும். அவர் "மராஹபா" என்று ஏற்றுக்கொள்வார். கல்யாண வீட்டில் பெரியவர்கள் காலில் விழுந்து எழும் நமக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. அங்கே குனியக்கூட வேண்டாம், வாயால் சொன்னால் போதும். காரில் ஏறும்போது நரைத்த தலை டிரைவரைப் பார்த்து ஒரு ஷிகாமூ சொன்னால் அன்றைய பயணமே வேறு மாதிரி இருக்கும்.

பெயர் சொல்லி அழைப்பதிலும் நம் ஊர் வழக்கமே அங்கேயும். பெரியவர் "ம்ஸே". அதில் கிழவர் என்ற இளக்காரம் இல்லை. ஐயா என்ற கனம்தான் உண்டு. உறவுச் சொற்களில்தான் தமிழர்களுக்குச் சிரிப்பு வரும். "மாமா" என்றால் அம்மா. "தாதா" என்றால் அக்கா. "பாபு" என்றால் தாத்தா. அண்ணன் "காகா". நடுத்தர வயதுப் பெண்மணியை மாமா என்று கூப்பிட முதலில் நாக்கு கூசும். இரண்டு நாளில் பழகிவிடும். குழந்தை பெற்றவர்களை மூத்த குழந்தையின் பெயரோடு சேர்த்து, இன்னாரின் அம்மா, இன்னாரின் அப்பா என்றே அழைக்கிறார்கள். நம் பாட்டிமார்கள் ஊரில் கூப்பிட்ட மாதிரியே. வீட்டுக்குள் நுழையுமுன் வாசலில் நின்று "ஹோடி" என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளிருந்து "கரிபு" என்று வந்தால் நுழையலாம். செருப்பை வெளியே விடுங்கள். கொடுப்பதும் வாங்குவதும் வலது கையால். தெருவில் கல் தடுக்கி விழப் போனால், அந்தப் பக்கம் போகிற முகம் தெரியாதவர்கூட "போலே" என்பார். 'அடடா, பாவம்' என்ற பரிவு அது. நீங்களும் அடுத்தவருக்குச் சொல்லலாம். அதையே "போலே போலே" என்று இரட்டித்தால் 'மெதுவாக' என்று பொருள் மாறிவிடும். 5,895 மீட்டர் உயரக் கிளிமஞ்சாரோவில் வழிகாட்டிகள் நாள் முழுக்க ஓதும் மந்திரம் அது. வேகமாக ஏறுபவர்களைத்தான் உயர நோய் முதலில் பிடிக்கும்.

நூற்றுக்கு மேற்பட்ட இனக்குழுக்கள் வாழும் நாட்டை இந்த ஒரே மொழி கட்டி வைத்திருக்கிறது. முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நியரேரே பள்ளி ஆசிரியர். கடைசிவரை அவரை "ம்வாலிமு", அதாவது வாத்தியார் என்றே மக்கள் அழைத்தார்கள். சுவாஹிலியை எல்லோருக்கும் பொதுவாக்கியதில் அவர் பங்கு பெரியது. 1995இல் இந்தியா ஏற்படுத்திய காந்தி அமைதிப் பரிசை முதன்முதலில் பெற்றவரும் அவர்தான். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லத் தெரிந்த இந்தியருக்கு அங்கே டீ செலவு மிச்சம்.

அந்த டீயும் "சாய்"தான். இந்தியப் பெருங்கடலில் பாய்மரக் கப்பல்கள் போய் வந்த காலத்திலிருந்து நம் சொற்கள் அங்கே குடியேறிவிட்டன. பணம் "பெசா", நம் பைசா. கைப்பேசியில் பணம் அனுப்பும் எம்-பெசாவில் இருப்பதும் அதே பைசாதான். வண்டி "காரி". இன்ஷூரன்ஸ் "பீமா". மாம்பழம் "எம்பே". லட்சம் "லக்கி". பெரிய நோட்டே 10,000 ஷில்லிங் என்பதால் லக்கி கணக்கு அடிக்கடி காதில் விழும். சப்பாத்தி சப்பாத்தியேதான்.

சொற்களோடு ஆட்களும் போனார்கள். குஜராத், கட்ச் பகுதி வணிகர்கள் கரையோர நகரங்களில் கடை போட்டார்கள். பிறகு உள்நாட்டுக்கும் பரவினார்கள். கடைக்கு "டூகா" என்ற பெயர் நிலைத்ததே அவர்கள் வழியாகத்தான். ஆங்கிலேயர் ஆட்சியில் வெள்ளையர் மேலே, இந்தியர் நடுவே, ஆப்பிரிக்கர் கீழே என்ற அடுக்கு உருவானது. கல்லாவில் உட்கார்ந்து உத்தரவு போடும் முதலாளி என்பதே "முஹிந்தி", அதாவது இந்தியர் பற்றிய சித்திரமாகிவிட்டது. 1964 ஜனவரி 12இல் ஸான்ஸிபாரில் புரட்சி வெடித்தபோது அரபிகளோடு இந்தியர்களும் தாக்கப்பட்டார்கள். ஏராளமானோர் தீவைவிட்டு ஓடினார்கள். பிற்பாடு 'குவீன்' இசைக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரியாக உலகப் புகழ் பெற்ற ஃபரூக் புல்ஸாராவின் பார்சிக் குடும்பமும் அதில் ஒன்று. தான்சானியா, இடி அமீனின் உகாண்டா மாதிரி இந்தியர்களைத் துரத்தவில்லை. ஆனால் 1971இல் வாடகைக் கட்டடங்களை அரசு எடுத்துக்கொண்டதும் பலர் தாங்களாகவே மூட்டை கட்டினார்கள். மிச்சமிருப்பவர்கள் இன்று அந்நாட்டுக் குடிமக்கள். சுவாஹிலியைத் தாய்மொழி போலப் பேசுகிறார்கள்.

எனவே நீங்கள் ஓட்டல் பையனை விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டால் அவன் கண்ணில் தெரிவது ஒரு சென்னைவாசியோ டெல்லிவாசியோ இல்லை. அவன் தாத்தாவைக் கூப்பிட்ட பழைய டூகா முதலாளிதான் தெரிவார். வெள்ளைக்காரர் செய்தால் அது முரட்டுத்தனம். நாம் செய்தால் அது பழைய கதை.

புதிய கதையும் இருக்கிறது. 2016 ஜனவரி 31 அன்று பெங்களூரில் ஒரு சூடான் நாட்டு மாணவரின் கார் மோதிப் பெண் ஒருவர் இறந்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்த வழியே வந்த தான்சானிய மாணவியைக் கும்பல் தாக்கியது. விபத்துக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, நிறத்தைத் தவிர. அந்தச் செய்தி தார் எஸ் சலாமிலும் படிக்கப்பட்டது. இந்தியாவில் படித்துவிட்டுத் திரும்பியவர்கள் அங்கே நிறைய. எந்த ஊரில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தமிழில் பேசினால் யாருக்குப் புரியப்போகிறது என்று நிறத்தைப் பற்றியோ முடியைப் பற்றியோ பஸ்ஸில் கிண்டல் அடிக்க வேண்டாம். தொனிக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. இப்போது தமிழ் புரியவும் வாய்ப்பு உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2023இல் ஸான்ஸிபாரில் வளாகம் திறந்துவிட்டது. வெளிநாட்டில் ஓர் ஐ.ஐ.டி. அமைந்தது அதுவே முதல் முறை.

நேரத்தைப் பற்றித் தெரியாமல் பஸ்ஸைத் தவறவிடுகிறவர்கள் அதிகம். சுவாஹிலிக் கணக்கில் நாள் சூரியனோடு தொடங்குகிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்து நாடு என்பதால் வருடம் முழுக்க ஏறத்தாழ 6 மணிக்கே விடியும். காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி. 8 மணி என்றால் 2. மாலை 7 மணி மறுபடி 1. கைக்கடிகாரம் நம்முடையது மாதிரியேதான் காட்டும். வாயால் சொல்லும்போது ஆறு மணி நேரம் கழித்துக்கொள்வார்கள். விடியலிலிருந்து நாழிகை எண்ணிய நம் முன்னோர்களுக்கு இது உடனே பிடிபட்டிருக்கும். வண்டி 2 மணிக்கு என்று யாராவது சுவாஹிலியில் சொன்னால், "காலையா, மதியமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலை என்றால் 8 மணிக்கே நில்லுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் தமிழர்களுக்குச் சங்கடம் குறைவு. வெந்நீர்ச் செம்பும் கிண்ணமும் கொண்டுவந்து கையில் தண்ணீர் ஊற்றுவார்கள். கழுவிக்கொண்டு, மக்காச்சோள மாவுக் களியான உகாலியை வலது கையால் உருட்டிக் குழம்பில் தொட்டுச் சாப்பிட வேண்டியதுதான். கேழ்வரகுக் களி சாப்பிட்ட கைக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். யாராவது சாப்பிடும்போது நீங்கள் போனால் "கரிபு சகுலா", சாப்பிட வாருங்கள் என்று அழைப்பார்கள். பசியில்லை என்றாலும் மூஞ்சியைத் திருப்பாமல் "அசாந்தே" என்று நன்றி சொல்லுங்கள். ஒரு வாய் எடுத்துக்கொண்டால் இன்னும் சந்தோஷப்படுவார்கள்.

சைவர்கள் ஒரு நுணுக்கம் தெரிந்துகொள்ள வேண்டும். "சிலி ந்யாமா" என்றால் 'இறைச்சி சாப்பிடமாட்டேன்'. ஆனால் ந்யாமா என்றவுடன் மாடும் ஆடும்தான் அவர்கள் நினைவுக்கு வரும். கோழியோ மீனோ தட்டில் வந்து நின்றால் சமையல்காரர் மீது கோபப்பட்டுப் பயனில்லை. குக்கு வேண்டாம், சமாக்கி வேண்டாம் என்று கோழியையும் மீனையும் தனித்தனியே சொல்லிவிடுங்கள். அதன் பிறகு பட்டினி கிடக்க மாட்டீர்கள். பீன்ஸ் குழம்பு "மஹராகே", கீரை மசியல் "ம்சிச்சா", தேங்காய்ப்பால் சாதம் "வாலி வா நாஸி". ஸான்ஸிபார் தெருவோரத்தில் "உரோஜோ" என்று ஒன்று கிடைக்கும். புளிப்பான மஞ்சள் குழம்பில் பஜ்ஜியும் உருளைக்கிழங்கும் மிதக்கும். குஜராத்திப் பாட்டிகள் கைவைத்தது என்று நாக்கே சொல்லிவிடும். மேலே இறைச்சித் துண்டு போடாமல் கேட்டு வாங்குங்கள்.

காட்டு விதிகள் கறாரானவை. "சஃபாரி" என்றால் சுவாஹிலியில் வெறும் பயணம்தான். மாமியார் வீட்டுக்குப் போவதும் சஃபாரி. நாம் சொல்லும் சஃபாரிக்கு அங்கே முக்கியத் தலம் 14,763 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள செரெங்கெட்டி. வண்டி தடத்தைவிட்டு இறங்கக் கூடாது. அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் கால் தரையில் படக் கூடாது. கத்தக் கூடாது, தீனி போடக் கூடாது, அனுமதி வாங்காமல் டிரோன் விடக் கூடாது. சிங்கம் தூங்கினால் தூங்கட்டும். அதை எழுப்பச் சொல்லி டிரைவருக்குப் பணம் காட்டுவது அவர் பிழைப்பில் மண் போடும் வேலை. பிடிபட்டால் அவர் லைசென்ஸ் போகும், நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள். 2025 ஜூலையில் மாரா ஆற்றங்கரையில் டூரிஸ்டுகள் கும்பலாக இறங்கி நின்று, ஆற்றைக் கடக்க வந்த வில்டபீஸ்ட் மந்தையின் வழியை மறித்த காட்சி உலகம் முழுதும் பரவிக் கண்டனம் கிளம்பியது. பார்க்க வந்ததையே நடக்கவிடாமல் செய்த கூட்டம்.

அடுத்து இருப்பது ங்கோரோங்கோரோ. சுமார் 600 மீட்டர் ஆழமுள்ள எரிமலைக் கிண்ணம். அதைச் சுற்றியுள்ள காப்புப் பகுதி 1959இல் செரெங்கெட்டியிலிருந்து பிரிக்கப்பட்டது. செரெங்கெட்டியைவிட்டு வெளியேற்றப்பட்ட மாசாய் மக்கள் இங்கே மாடு மேய்த்து வாழலாம் என்பது அப்போது தந்த வாக்கு. 2022 முதல் அவர்களைத் தொலைவிலுள்ள ம்சோமேரா கிராமத்துக்கு மாற்றும் வேலை நடக்கிறது, எதிர்ப்பும் நடக்கிறது. சிவப்புப் போர்வையும் ஈட்டியுமாக நிற்கும் ஆளைப் பார்த்ததும் காமிராவைத் தூக்கும் பயணி இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. "நவேஸா குபிகா பீச்சா?" படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். "ஹபானா" என்றால் வேண்டாம். சரி என்றால் பெரும்பாலும் காசு உண்டு. தொகையை முதலில் பேசிவிடுங்கள். மாசாய் குடியிருப்புகளைப் பார்க்கப் போனாலும் வண்டிக்கு இவ்வளவு என்று கணக்கு. படம் எடுத்த பிறகு பேரம் பேசுவதைவிட அசிங்கம் வேறில்லை. ராணுவம், போலீஸ், துறைமுகம், விமான நிலையம் பக்கம் காமிராவே வேண்டாம்.

ஸான்ஸிபார் தீவில் ஏறக்குறைய எல்லோரும் முஸ்லிம்கள். கடற்கரை ஓட்டலுக்குள் என்ன உடுத்தினாலும், ஸ்டோன் டவுன் சந்துகளில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். மீறினால் அபராதம் உண்டு. ரம்ஜான் மாதப் பகலில் தெருவில் தின்பதும் குடிப்பதும் கூடாது. ஜோடிகள் கைகோத்து நடக்கலாம். அதற்கு மேல் அறைக்குள். ஓரினச் சேர்க்கையாளர்களுக்கு நாடு முழுதும் சட்டம் மிகக் கடுமையானது.

ஸ்டோன் டவுனின் பித்தளைக் குமிழ் பதித்த கதவுகளை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். யானை முட்டாமலிருக்க இந்தியாவில் வைத்த குமிழ் அது, இங்கே அழகுக்காக வந்தது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கொஞ்சம் நடந்தால் ம்குனாஸினி. 1873இல் ஆங்கிலேயர் நெருக்கடியால் சுல்தான் பர்காஷ் மூடிய அடிமைச் சந்தை இருந்த இடம். இப்போது அங்கே மாதா கோயில். வளாகத்தில் ஒரு பள்ளத்துக்குள் கழுத்தில் சங்கிலி மாட்டிய கல் உருவங்கள் நிற்கின்றன. அவற்றின் முன் சிரித்தபடி செல்ஃபி எடுப்பவர்களைப் பார்க்க முடிகிறது. இந்தியர்கள் அதைச் செய்வது கூடுதல் கொடுமை. 19ஆம் நூற்றாண்டில் ஸான்ஸிபார் சுங்கத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியது ஜெய்ராம் சிவ்ஜி என்ற கட்ச் வணிகரின் நிறுவனம். தந்தத்துக்கும் அடிமைகளுக்கும் உள்நாடு போன வணிகக் கூட்டங்களுக்கும், அடிமைகள் உழைத்த கிராம்புத் தோட்டங்களுக்கும் வட்டிக்குப் பணம் தந்தவர்களில் இந்தியர்கள் முக்கியமானவர்கள். வழிகாட்டி மரியாதைக்காக அதை நம்மிடம் சொல்லாமல் விடலாம். நாமே கேட்டால் சொல்வார்.

பொருள் வாங்கப் பேரம் உண்டு; நலம் விசாரித்த பிறகு. 1968 வாக்கில் எட்வர்ட் சயீத் டிங்கடிங்கா ஆரம்பித்து வைத்த பளிச்சென்ற விலங்கு ஓவியங்கள், மகோண்டே மரச் சிற்பங்கள் நல்ல தேர்வு. சங்கு, பவளம், ஆமை ஓடு, எந்த வடிவிலும் தந்தம், எதையும் தொட வேண்டாம். 2009இல் 1,09,051 யானைகள் இருந்த நாட்டில் 2014இல் எஞ்சியவை 43,330 என்று கணக்கெடுப்பு சொன்னது. வேட்டைக்காரர்கள் கைங்கரியம். பெண்கள் ஆசையோடு வாங்குவது "கங்கா" என்ற ஜோடித் துணி. அதன் கரையில் ஒரு வாசகம் அச்சிட்டிருக்கும். வாழ்த்தும் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரிக்குக் குத்தலும் இருக்கும். அங்கே பெண்கள் நேரில் சொல்ல முடியாததைக் கங்கா உடுத்திச் சொல்வது வழக்கம். எனவே நிறத்தைப் பார்க்குமுன் வாசகத்துக்கு அர்த்தம் கேளுங்கள். பக்கத்தில் நிற்பவர்கள் சிரித்தால் வேறு துணி பாருங்கள்.

திரும்பும் வழியில் எத்தியோப்பியாவிலோ கென்யாவிலோ இறங்கித் தங்கிவிட்டு வந்தால் இந்திய விமான நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் அட்டையைக் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க விதி இருக்கிறது. அட்டையைச் செக்-இன் பெட்டிக்குள் போட்டுவிடாமல் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.